சரளைக் கூடுகள்

ட்ரவுட் மீனுக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம். தண்ணீர் சில்லென்று இருக்க வேண்டும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அடியில் சுத்தமான சரளை கிடக்க வேண்டும். இவ்வளவையும் கொடுத்துவிட்டால் அது உங்களைத் தொந்தரவு செய்யாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு கதை அளக்காது. சிரித்துச் சிரித்துப் பேசியே உங்கள் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாது.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. எழுத வேண்டியது வரும்போது நானே சொல்கிறேன். அந்தப் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவதை நிறுத்தினால் கோர்வையாகவும் சொல்வேன். நன்றி.

என் தங்கையின் கணவர் எப்படிச் செத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். கரையோரம் போட்டிருந்த அடிமரம் உருண்டு, கால் அதன் கீழே மாட்டி, தண்ணீரில் முங்கிச் செத்தார். நீங்கள் காலையிலிருந்து கேட்பது ஒரே ஒரு கேள்விதான். முழங்கால் அளவுத் தண்ணீரில் நாலு எட்டு வைத்தால் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் அவர் கிடந்தபோது, நான் ஏன் மேலே கல்பாலம் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான். ஆனால் அது புரிய ஓடையைத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

எனக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்டால் 'ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது' என்று சொல்கிற ஜனங்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வீட்டில் பேச ஆள் கிடையாது. அப்படித்தான் ஓடைப் பக்கம் போக ஆரம்பித்தேன். அப்போது அது ஓடையே இல்லை, சாக்கடை. மேலே லாரி கழுவுகிற இடத்திலிருந்து எண்ணெய் மிதந்து வரும். பழைய மெத்தை, உடைந்த கழிப்பறைப் பீங்கான், ஒருமுறை கதவோடு முழு பிரிட்ஜ். ஒற்றை ஆளாக இழுத்துக் கரையில் போட்டேன். பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மறை கழன்றுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என் காதுபடவே பேசினார்கள்.

பிறகு ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். முதலில் வந்தது டீச்சர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். அடுத்து பேக்கரிக்காரர், அவர் தம்பி, இன்னும் சிலர். சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தோம், நான் தலைவர். யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வெயில் தண்ணீரில் விழாமல் கரையோரம் மரம் நட்டோம். மீன் ஒதுங்குவதற்காகப் பெரிய அடிமரங்களைத் தண்ணீருக்குள் சாய்த்துப் போட்டு, முளையடித்துக் கம்பிவடத்தால் இறுக்கிக் கட்டினோம். சரளையைச் சேறு போகச் சலித்து வாளி வாளியாகக் கொட்டினோம். கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லப் பழக்கினேன். நான் ஒரு கண்ணாடியும் செய்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டால் தண்ணீரின் பளபளப்பு மறைந்துவிடும், அடி வரைக்கும் தெரியும். அதைக் 'கூலிங் கிளாஸ்' என்று சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

ஒரு குளிர்காலத்தில் மீன் வந்தது. என் உள்ளங்கை நீளம்கூட இல்லை, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. நான் தண்ணீரில் நின்றபடியே அழுதேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

குளிர்காலத்தில்தான் அது கூடு கட்டும். பெண்மீன் வாலால் சரளையை அடித்து அடித்துப் பள்ளம் பறிக்கும், முட்டையிடும், மறுபடி சரளையால் மூடிவிட்டுப் போய்விடும். பழுப்புக் கல்லுக்கு நடுவில் அந்த இடம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் வெளுத்துத் தெரியும். அதன் மேல் ஒரு பூட்ஸ் கால் பட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் நசுங்கிக் கூழ். அதனால் கூடு கண்ட இடத்தில் கரையில் குச்சி நட்டுச் சிவப்பு நாடா கட்டுவேன். குஞ்சு வெளியே வரும்வரை நாடாவுக்கு நேரே யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

இதற்காக ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். யாராவது தெரியாமல் காலை நீட்டினால், பார்த்தவர் 'கூடு' என்று குரல் கொடுக்க வேண்டும். கேட்டவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே நின்றுவிட வேண்டும். தூக்கிய காலைக் கீழே வைக்கக் கூடாது. மிதித்துவிட்டவர் அன்று எல்லோருடைய பூட்ஸையும் கழுவ வேண்டும். முதலில் விளையாட்டாகத்தான் செய்தார்கள். போகப் போக ரத்தத்தில் ஊறிவிட்டது. பேக்கரிக்காரர் ஒருநாள் கடைத்தெருவில் சாலையைக் கடக்கும்போது நான் பின்னாலிருந்து 'கூடு' என்றேன். மனிதர் ஒற்றைக்காலில் நின்றுவிட்டார், ஸ்கூட்டர்காரன் திட்டிவிட்டுப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஓடையில் இறங்கும் முன் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். வேறு தண்ணீரின் நோய் உள்ளே வந்துவிடக் கூடாது இல்லையா. கல்பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொட்டகை இருக்கிறது. அதன் வாசலில் அந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன்.

நானே பார்த்து என் தங்கைக்குக் கட்டி வைத்த ஆள். பம்பு செட் பழுது பார்க்கும் கடை. வாய் ஓயாது. உள்ளே நுழைந்தால் அந்த அறையில் வேறு யாருக்கும் இடம் இருக்காது, அப்படி ஒரு சிரிப்பு. "மச்சான், எனக்கும் ஒரு ரப்பர் டவுசர் குடுங்க, உங்க மீனுக்கு நானும் ஊழியம் பண்றேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றார். மார்பு வரை ஏறும் அந்த ரப்பர் கால்சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு நடந்தார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அத்தனை வருஷத்தில் அந்தக் கரையில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. மீனுக்குச் சத்தம் ஆகாது என்று நான் சொன்னேன். "மீனும் சிரிக்கட்டுமே மச்சான்" என்றார்.

அடுத்த வாரமே பிளாஸ்க்கில் டீ வந்தது. அதற்கடுத்த வாரம் பேக்கரிக்காரர் பன் கொண்டுவந்தார். நான் தலைவராக இருந்தபோது அந்த மனுஷருக்கு ஒரு பிஸ்கட் கொண்டுவரத் தோன்றவில்லை, பாருங்கள். புதிதாக ஆட்கள் வந்தார்கள், குழந்தைகளோடு வந்தார்கள். மாப்பிள்ளை மீன்களை 'நம்ம பசங்க' என்றார். என்னிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களை அவரிடம் கேட்டார்கள். அவர் என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போய் அவர்களுக்குச் சொன்னார். இது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

போன மாதம் கொட்டகையில் கூட்டம். மாப்பிள்ளையைத் தலைவராக்கினார்கள். அவர் வேண்டாம் என்றார், அதையும் சொல்லிவிடுகிறேன். "மச்சான் இருக்கும்போது நான் எதுக்கு" என்று எழுந்து நின்று சொன்னார். டீச்சர்தான் சமாதானம் செய்தார். எனக்கு வயதாகிறதாம், ஓய்வு வேண்டுமாம், நான் ஆலோசகராக இருப்பேனாம். ஆலோசகர் என்றால் யாரும் ஆலோசனை கேட்காத ஆள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஓடையைக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். நான் கூடுகளைப் பற்றிக் கேட்டேன். "நாடா கட்டியிருக்கே மச்சான், பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. பார்த்துக்கலாம். நான் பெற்று வளர்த்ததுபோல் வளர்த்த ஓடையை அவர் பார்த்துக்கொள்வார்.

தங்கை வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். "விடுங்கண்ணா, அவரு உங்களை மாதிரி வரணும்னுதான் இத்தனையும் பண்றாரு" என்றாள். மீன் குழம்புக்கு உப்பு போதவில்லை என்று சொன்னால் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

இப்போது நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தைய வாரம், பெரிய அடிமரத்தின் கம்பிவடம் முளையிலிருந்து நழுவத் தொடங்கியிருப்பதைப் பார்த்தேன். கூட்டத்தில் சொல்லலாம் என்றுதான் போனேன். கடிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். தலைவர் இருக்கும்போது ஆலோசகர் எதற்குச் சொல்ல வேண்டும்? முளையைப் பிடுங்கியது நான் அல்ல. கம்பிவடத்தை அவிழ்த்ததும் நான் அல்ல. தானாகவே நழுவியது. நான் அதைத் திரும்ப இறுக்கவில்லை, அவ்வளவுதான். தினமும் காலையில் கடை திறக்கும் முன் போய் அது எவ்வளவு நழுவியிருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த மரத்தின் அடிப்பக்கம் ஒரு தெர்மாமீட்டர் கட்டியிருக்கிறோம், தண்ணீரின் சூடு பார்ப்பதற்காக. ஞாயிறு காலை மூன்று பேர்தான் கரையில் இருந்தோம். நான், மாப்பிள்ளை, டீச்சர். மற்றவர்கள் வரவில்லை. நான் மாப்பிள்ளையிடம், "தெர்மாமீட்டர் கட்டு தளர்ந்த மாதிரி தெரியுது, கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்" என்றேன். கட்டு தளரவில்லை. "நீங்க சொன்னா சரி மச்சான்" என்று இறங்கினார்.

எங்கள் கரைக்கும் எதிர்க்கரையோரம் கிடந்த அந்த மரத்துக்கும் நடுவில்தான் இந்த வருஷத்தின் கூடுகள் அத்தனையும் இருந்தன. வெள்ளை வெள்ளையாக, கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன. நேரே போனால் முழங்கால் ஆழம். மாப்பிள்ளை நேரே போகவில்லை. நாடா கட்டிய இடம் முடிந்த பிறகு, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் ஆழமான இடத்தில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் எதிர்த்து நடந்து மரத்தின் அந்தப் பக்கத்துக்குப் போனார். மரம் உருண்டால் எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம். அவர் நேரே நடந்து போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் சுற்றித்தான் போவார் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். அவர் ஒருமுறைகூடக் கூட்டை மிதித்ததில்லை. பூட்ஸ் கழுவும் வேலை அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆமாம், தெரியும்.

கட்டைத் தொட்டுப் பார்க்க மரத்தின் மேல் சாய்ந்தார். கம்பிவடம் சத்தமே இல்லாமல் முளையை விட்டு வந்துவிட்டது.

தொடையில் மரம் ஏறிவிட்டது. உட்கார்ந்த நிலையில் கழுத்து வரை தண்ணீர். ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. மரத்தைப் பிடித்துக்கொண்டுதான் முகத்தை மேலே வைத்திருந்தார். அந்தக் குளிரில் கை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே நான் சொல்வது. என் கண்ணாடியில் அவருடைய கால் எங்கே எப்படி மாட்டியிருக்கிறது என்பது சுத்தமாகத் தெரிந்தது. மரத்தின் நுனியை ஒருவர் தூக்கிப் பிடித்தால் இன்னொருவர் இழுத்துவிடலாம். நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

டீச்சர் "ஐயோ" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் காலை நீட்டினார்.

நான் 'கூடு' என்றேன்.

நின்றுவிட்டார். தூக்கிய கால் தூக்கியபடி. அந்தம்மாவைக் குறை சொல்லாதீர்கள். இத்தனை வருஷப் பழக்கம். அந்த ஒரு நொடியில் அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். நான் பதற்றமே இல்லாமல் சொன்னேன், "நீங்க அசையாதீங்க டீச்சர். மரம் இன்னும் உருளும். நான் பாலத்தைச் சுத்தி கடப்பாரை எடுத்துட்டு வர்றேன். அவர்கிட்ட பேச்சு குடுத்துட்டே இருங்க." அந்தப் பள்ளத்தில் போன் எடுக்காது. நான் சொன்னதில் எது தப்பு, சொல்லுங்கள். வெறுங்கையோடு போய் என்ன செய்ய முடியும்?

மாப்பிள்ளை அப்போதுகூட வாயை மூடவில்லை. "ஆமா டீச்சர், மிதிச்சுடாதீங்க. அப்புறம் மச்சான் எல்லார் பூட்ஸையும் கழுவ வெச்சுருவாரு." பல் கிட்டிக்கொண்டு வந்தது, சிரிக்க முயற்சி செய்தார். அதைக் கேட்டுத்தான் டீச்சர் காலைப் பின்னால் எடுத்துக் கரையில் வைத்தார். என்னால் மட்டும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஓடவில்லை. முள்புதர் நடுவே ஒற்றையடிப் பாதை, என் வயதில் விழுந்தால் இடுப்பு போய்விடும். கொட்டகையைத் திறந்து கடப்பாரையை எடுத்தேன். பூட்டைத் திரும்பப் பூட்டினேன். பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கினேன். இடது கால், வலது கால், வழக்கமாக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். அதைச் செய்யாமல் எங்களில் யாரும் ஓடையில் இறங்குவதில்லை. பாலத்தைக் கடந்து எதிர்க்கரை வழியாக வந்தேன். டீச்சர் பேசுவது கேட்டுக்கொண்டே இருந்தது. என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் என்ன வேலை, காலையில் என்ன சாப்பிட்டீங்க என்று. முதலில் பதில் வந்தது. பிறகு டீச்சரின் குரல் மட்டும்தான்.

நான் போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது. இதை நான் முதலில் உங்களிடம் சொல்லவில்லை. தண்ணீர் உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் நீலம் பாய்ந்து, அடையாளமே தெரியாமல் இருந்தார். என்னைப் பார்த்ததும் கண் விரிந்தது. "வந்துட்டீங்களா மச்சான்" என்றார். அப்புறம், "தெர்மாமீட்டர் பத்திரமா இருக்கு" என்றார்.

கடப்பாரையை எங்கே கொடுத்து நெம்புவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மரப்பட்டைக்கு அடியில்தான் பூச்சிகள் இருக்கும், கண்ட இடத்தில் குத்திவிட முடியாது. நல்ல இடமாகத் தேடினேன். கிடைத்தபோது அவருடைய கை மரத்தை விட்டுவிட்டது, முகம் உள்ளே போய்விட்டது. நான் கடப்பாரையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினேன். மரம் சுலபமாக நகர்ந்தது. அவ்வளவு சுலபமாக நகரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

ஆகவே, நீங்கள் எழுத விரும்புவதை எழுதிக்கொள்ளலாம். கம்பிவடம் நழுவுவது தெரியும், அனுப்பியது நான், தடுத்தது நான், நேரம் கடத்தியது நான். நான்தான் கொன்றேன் என்று நீங்கள் ஒரு வரியில் போட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எதற்காக என்பதையும் பக்கத்தில் போடுங்கள். கூடுகளுக்காக. அந்த வெள்ளைச் சரளைக்குள் ஆயிரக்கணக்கான உயிர்கள் இருந்தன. அதற்காக வாய் திறந்து பேச இந்த ஊரில் ஒரு நாதி கிடையாது. நான் ஒருவன்தான். பொறாமை, பதவி ஆசை என்று டீச்சர் உங்களிடம் ஏதேதோ சொல்லியிருப்பார். என்னை அவ்வளவு சின்னவனாக்கிவிட வேண்டாம்.

இல்லை, இன்னும் ஒன்று கேட்டீர்கள் இல்லையா. உடம்பைக் கரையேற்றிய பிறகு நான் செய்ததாக என் தங்கை சொன்னது உண்மையா என்று.

பேக்கரிக்காரரும் மற்றவர்களும் வந்து உடம்பைக் கீழ்ப்பக்கமாக இழுத்து எங்கள் கரையில் போட்டார்கள். நானும் பாலத்தைச் சுற்றி இந்தக் கரைக்கு வந்துவிட்டேன். தங்கையை யாரோ கூட்டிவந்திருந்தார்கள். அவள் அழவில்லை. அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "நீங்க கூப்பிட்டா நெருப்புல கூட இறங்குவாரேண்ணா, அவரு கூப்பிட்டப்போ நீங்க ஏன் இறங்கலை" என்று கேட்டாள். அப்போதுதான் மரம் மெல்லத் திரும்பி நீரோட்டத்தோடு போக ஆரம்பித்ததைப் பார்த்தேன். தெர்மாமீட்டர் அதில்தான் கட்டியிருந்தது. சங்கம் ஆரம்பித்த வருஷம் நான் வாங்கி வைத்தது.

தண்ணீரில் இறங்கினேன். பின்னால் தங்கை 'கூடு' என்றாள். சத்தமாகக்கூட இல்லை. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓடைப் பக்கம் வந்தவள் இல்லை, அவர்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். காலுக்கடியில் சரளை நெறுநெறுவென்று இறங்கியது, கண்ணாடியில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் ரொம்ப நேரமாகும், ஐயா. அதற்குள் மரம் போய்விடும். அதனால் நேராகவே நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.